அமல் தேதிப்படி வரி விகிதத்தைத் தேடும் வினவல்களை எழுதுவது எப்படி

பில் போடும் மென்பொருள் எதுவாக இருந்தாலும், ஒரு பொருளுக்கு உரிய வரி விகிதத்தைத் தேடித் தரும் வினவல் (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி) ஒன்று அதற்குள் எங்காவது இருக்கும். அந்த வினவலுக்குப் பொருளின் குறியீட்டை மட்டும் கொடுத்தால் போதாது. எந்த நாளுக்கான விகிதம் என்பதையும் கொடுக்க வேண்டும். இந்தியாவின் சரக்கு மற்றும் சேவை வரியை எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது வீட்டு ஃபிரிட்ஜுக்கு 28 சதவீத வரி இருந்தது. 2018 ஜூலை 27 முதல் அது 18 சதவீதமாகக் குறைந்தது. கைபேசிக்கு முதலில் 12 சதவீதம், 2020 ஏப்ரல் 1 முதல் 18 சதவீதம். ஏசிக்கு 2025 செப்டம்பர் 21 வரை 28 சதவீதம், மறுநாளிலிருந்து 18. ஆக, 2018 மார்ச்சில் விற்ற ஃபிரிட்ஜின் பில்லை இன்று மறுபடி அச்சிட்டாலும் 28 சதவீதம்தான் வர வேண்டும். 2025 ஆகஸ்டில் விற்ற ஏசி அக்டோபரில் கடைக்குத் திரும்பி வந்தால், அதற்கான கிரெடிட் நோட்டும் (பில் தொகையைக் குறைத்துத் தரும் ஆவணம்) 28 சதவீதத்தில்தான் போக வேண்டும்.

பொருள் அட்டவணையிலேயே விகிதத்துக்கு ஒரு புலம் வைத்து, விகிதம் மாறும் நாளில் பழைய எண்ணின் மேல் புதிய எண்ணை எழுதிவிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் பழைய விகிதம் அழிந்துபோகிறது என்பது ஒரு கேடு. மாறும் நாளின் நள்ளிரவில் யாராவது விழித்திருந்து அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது இன்னொரு கேடு. 2025 செப்டம்பர் 3 அன்று ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடிப் புதிய விகிதங்களை முடிவு செய்தது. அவை செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்தன. அமல் தேதியோடு விகிதத்தைச் சேமிக்கும் அட்டவணை வைத்திருந்தவர்கள், இடைப்பட்ட நாட்களிலேயே புதிய பதிவுகளைச் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு 21ஆம் தேதி இரவு நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

இந்தக் கட்டுரையில் வினவல்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் இடும்போது செலக்ட், வேர் போன்ற விசைச்சொற்களை வழக்கமான ஆங்கில வடிவில் இட வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். மற்றவற்றில் வேறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

அட்டவணையை அமைத்தல்

தொடக்கத்துக்கு மூன்று புலங்கள் போதும்: குறியீடு, அமல்_தேதி, விகிதம். குறியீடும் அமல்_தேதியும் சேர்ந்து முதன்மைச் சாவியாக, அதாவது எந்த இரண்டு பதிவுகளிலும் ஒன்றாக வர முடியாத அடையாளமாக, இருக்க வேண்டும். இந்த ஒரு கட்டுப்பாட்டை விட்டுவிட்டால், ஒரே பொருளுக்கு ஒரே நாளில் இரண்டு விகிதங்கள் நுழைய வழி ஏற்படும். அப்போது வினவல் எதை எடுக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஒரு தடவை ஒன்றும் மறுதடவை மற்றொன்றும்கூட வரலாம்.

விகிதத்தை டெசிமல் வகையில் வையுங்கள். முழு எண்ணாகவோ ஃப்ளோட்டாகவோ (தசமத்தைத் தோராயமாகச் சேமிக்கும் வகை) வைக்க வேண்டாம். தங்கத்துக்கு 3 சதவீதம் என்பதைப் போலவே, பட்டை தீட்டாத வைரத்துக்கு 0.25 சதவீதம் என்ற விகிதமும் ஜி.எஸ்.டி.யில் உண்டு. தேதியைத் தேதி வகையிலேயே வையுங்கள். எக்செல்லில் இருந்து ஏற்றிய அட்டவணைகளில் தேதி வெறும் எழுத்துச் சரமாக '01-04-2020' என்று கிடப்பதைப் பார்க்கலாம். அதை '15-11-2017' என்ற சரத்தோடு ஒப்பிட்டால், முதல் எழுத்தான 0 என்பது 1ஐவிடச் சிறியது என்பதால், 2020 ஏப்ரல் 1 என்பது 2017 நவம்பர் 15க்கு முன்னால் வந்த நாள் என்று தரவுத்தளம் முடிவுகட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. விகிதம் மட்டும் தவறாக வரும்.

எடுத்துக்காட்டுக்காக நம் அட்டவணையில் இந்தப் பதிவுகள் இருப்பதாகக் கொள்வோம்:

8418 (ஃபிரிட்ஜ்) | 2017-07-01 | 28
8418 | 2018-07-27 | 18
8517 (கைபேசி) | 2017-07-01 | 12
8517 | 2020-04-01 | 18
8415 (ஏசி) | 2017-07-01 | 28
8415 | 2025-09-22 | 18

ஒரு பொருள், ஒரு நாள்

கேட்ட நாளிலோ அதற்கு முன்போ நடைமுறைக்கு வந்த பதிவுகளில், ஆகக் கடைசியாக நடைமுறைக்கு வந்தது எது என்பதே கேள்வி. அதை அப்படியே வினவலாக எழுதிவிடலாம்:

செலக்ட் விகிதம்
ஃப்ரம் வரி_விகிதம்
வேர் குறியீடு = '8418' அண்ட் அமல்_தேதி <= '2018-03-15'
ஆர்டர் பை அமல்_தேதி டெஸ்க்
லிமிட் 1

2018 மார்ச் 15க்கு 28 வரும். தேதியை 2018-07-27 என்று மாற்றினால் 18 வரும். 2018-07-26 என்றால் மறுபடி 28. சிறியது அல்லது சமம் என்ற குறியில் சமம் விடுபட்டால், மாற்றம் நடைமுறைக்கு வந்த முதல் நாள் முழுக்கப் பழைய விகிதமே வந்துகொண்டிருக்கும். இரண்டாம் நாள் தானே சரியாகிவிடும். அதனாலேயே இந்தப் பிழை பல மாதம் கழித்து, தணிக்கையின்போது மட்டும் வெளியே வருகிறது. எஸ்க்யூஎல் சர்வரில் லிமிட் கிடையாது, டாப் 1 என்று எழுத வேண்டும். ஆரக்கிளில் 12சி பதிப்பிலிருந்து ஃபெட்ச் ஃபர்ஸ்ட் என்ற வடிவம் இருக்கிறது.

முதன்மைச் சாவியில் குறியீடு முதலிலும் அமல்_தேதி அடுத்தும் இருந்தால், அதற்கான இண்டெக்ஸே (தேடலை விரைவாக்கும் வரிசைப்பட்டியல்) இந்த வினவலுக்குப் போதும். தரவுத்தளம் அந்தக் குறியீட்டின் பகுதிக்கு நேரே போய், கேட்ட தேதியிலிருந்து பின்னோக்கி ஒரே ஓர் அடி வைத்து நின்றுவிடும். வரிசை மாறி அமல்_தேதி முதலில் இருந்தால் இந்தப் பலன் கிடைக்காது.

இதே வேலையைக் குரூப் பை கொண்டு செய்ய முயல்வது மிகப் பரவலான தவறு. குறியீட்டின்படி தொகுத்து, அமல்_தேதியின் மேக்ஸும் விகிதத்தின் மேக்ஸும் எடுப்பார்கள். ஃபிரிட்ஜுக்கு இது என்ன தரும் என்று பாருங்கள்: தேதிகளில் பெரியது 2018-07-27, விகிதங்களில் பெரியது 28. இரண்டையும் சேர்த்தால் '2018 ஜூலை 27 முதல் 28 சதவீதம்' என்று, அட்டவணையில் எப்போதுமே இல்லாத ஒரு பதிவு கிடைக்கிறது. ஒவ்வொரு மேக்ஸும் தனித்தனியாகக் கணக்கிடப்படுகிறது. இரண்டும் ஒரே பதிவிலிருந்து வர வேண்டும் என்று நாம் எங்கும் சொல்லவில்லை. கைபேசியை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது பிடிபடாது. அங்கே விகிதம் ஏறியிருப்பதால் பெரிய தேதியும் பெரிய விகிதமும் தற்செயலாக ஒரே பதிவில் அமைந்துவிடுகின்றன. ஆகவே விகிதம் இறங்கிய பொருள் ஒன்றையாவது சோதனையில் கட்டாயம் வைத்திருங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகளில், குரூப் பையில் சேராத புலத்தை மேக்ஸ் இல்லாமலே கேட்டாலும் ஏற்றுக்கொண்டு, அந்தத் தொகுப்பிலிருந்து ஏதோ ஒரு மதிப்பைக் கொடுத்துவிடும், 5.7 பதிப்பிலிருந்துதான் இயல்பு அமைப்பிலேயே அதைத் தடுக்கிறார்கள். பழைய அமைப்பை அப்படியே தூக்கி வந்தவர்கள் இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பல பில்கள், பல நாட்கள்

ஒரு மாதத்தின் எல்லா பில் உருப்படிகளுக்கும் விகிதம் வேண்டும் என்றால், ஒவ்வோர் உருப்படிக்கும் அதன் நாள் வேறு. இதற்குப் பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது லேட்டரல் ஜாயின் (ஒவ்வோர் உருப்படிக்கும் உள் வினவலைத் தனியாக ஓட்டும் இணைப்பு); ஏனெனில் மேலே எழுதிய ஒற்றை வினவலை மாற்றாமல் உள்ளே வைத்துவிட முடிகிறது, படிப்பவருக்கும் நோக்கம் உடனே புரிகிறது:

செலக்ட் பி.பில்_எண், பி.குறியீடு, பி.வரி_நாள், வி.விகிதம்
ஃப்ரம் பில்_உருப்படி பி
லெஃப்ட் ஜாயின் லேட்டரல் (
செலக்ட் விகிதம் ஃப்ரம் வரி_விகிதம்
வேர் குறியீடு = பி.குறியீடு அண்ட் அமல்_தேதி <= பி.வரி_நாள்
ஆர்டர் பை அமல்_தேதி டெஸ்க்
லிமிட் 1
) வி ஆன் ட்ரூ

மைஎஸ்க்யூஎல்லில் 8.0.14 பதிப்பிலிருந்து லேட்டரல் உண்டு. எஸ்க்யூஎல் சர்வரில் இதே வேலையை அவுட்டர் அப்ளை செய்கிறது. டக்டிபி, கிளிக்ஹவுஸ், ஸ்னோஃப்ளேக் ஆகியவற்றில் இந்தத் தேவைக்கென்றே ஆஸ்-ஆஃப் ஜாயின் என்ற தனி வடிவம் இருக்கிறது. பகுப்பாய்வுக்காக லட்சக்கணக்கான உருப்படிகளை ஒரேயடியாகப் பொருத்தும் இடங்களில் அதைப் பயன்படுத்துவது நல்லது.

லேட்டரல் இல்லாத இடத்தில், உருப்படிகளையும் பொருந்தக்கூடிய எல்லா விகிதங்களையும் இணைத்து, ஒவ்வோர் உருப்படிக்குள்ளும் அமல்_தேதியின் இறங்கு வரிசையில் ரோ_நம்பர் எண்ணிட்டு, 1 என்ற எண் பெற்றதை மட்டும் எடுக்கலாம். சரியான விடை வரும். ஆனால் விகிதம் அடிக்கடி மாறும் தரவில், நாணய மாற்று விகிதம் போன்றவற்றில், ஒவ்வோர் உருப்படிக்கும் நூற்றுக்கணக்கான பழைய பதிவுகளை இழுத்து வந்து எறிய வேண்டியிருக்கும். ஜி.எஸ்.டி.யில் ஒரு பொருளுக்குச் சில மாற்றங்களே இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

மேலுள்ள வினவலில் லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருப்பது காரணத்தோடுதான். சாதாரண ஜாயின் போட்டால், விகிதம் கிடைக்காத உருப்படி விடையிலிருந்தே மறைந்துவிடும். மாதக் கூட்டுத்தொகை குறையும், ஏன் குறைந்தது என்று தெரியாது. லெஃப்ட் ஜாயினில் அந்த உருப்படி நல் (மதிப்பு இல்லை என்ற குறி) விகிதத்தோடு நிற்கும். அந்த நல்லைக் கோலெஸ் (நல்லுக்குப் பதில் வேறு மதிப்பைத் தரும் சார்பு) கொண்டு சுழியமாக மாற்றுவது மிகவும் ஆபத்தானது, ஏனென்றால் சுழியம் என்பது உண்மையான ஒரு விகிதம். சானிட்டரி நாப்கினுக்கு 2018 ஜூலை 27க்கு முன் 12 சதவீதம் இருந்தது, அன்றிலிருந்து வரிவிலக்கு. 'வரி இல்லை' என்பதும் 'விகிதம் தெரியவில்லை' என்பதும் ஒரே எண்ணாக அச்சாகும் அமைப்பில், இரண்டாவதை யாரும் கண்டுபிடிக்கவே முடியாது. நல் வந்தால் பில் போடுவதையே நிறுத்திப் பிழை காட்டுவதுதான் முறை.

முடிவுத் தேதி வேண்டுமா

தொடக்கத் தேதி மட்டும் இருந்தால், அடுத்த பதிவு வரும்வரை முந்தையது செல்லும் என்று பொருள். இதில் இடைவெளியும் வராது, இரண்டு காலங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழவும் வழியில்லை. ஆகவே முடிந்தவரை இந்த வடிவத்தையே பரிந்துரைப்பேன். முடிவுத் தேதி அறிக்கைகளுக்குத் தேவைப்பட்டால், லீட் என்ற சாளரச் சார்பைக் கொண்டு அடுத்த பதிவின் அமல்_தேதியை எடுத்துவரும் ஒரு வியூ (சேமித்து வைத்த வினவல்) எழுதிவிடலாம். சேமிப்பது ஒரு தேதி, காட்டுவது இரண்டு.

ஆனால் அடுத்து எதுவும் வராமலேயே முடிந்துபோகும் விகிதங்களும் உண்டு. கேரள வெள்ள மேல்வரி 1 சதவீதமாக 2019 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கி 2021 ஜூலை 31 அன்று முடிந்தது. தொடக்கத் தேதி மட்டும் உள்ள அட்டவணையில், 2021-08-01 அன்று சுழியம் என்ற ஒரு பதிவை இட்டால்தான் அது நிற்கும்; மறந்தால் இன்றுவரை 1 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும். இப்படிப்பட்டவை நிறைய இருந்தால் முடிவுத் தேதியைச் சேமிப்பது நியாயமே. அப்படிச் சேமிக்கும்போது அந்த நாளைக் காலத்துக்குள் சேர்க்காமல், விகிதம் செல்லாத முதல் நாளாக எழுதுங்கள்: தொடக்கம் 2019-08-01, முடிவு 2021-08-01. வினவலில் தொடக்கம் <= நாள் அண்ட் நாள் < முடிவு என்று வரும்.

பிட்வீன் எழுதத் தோன்றும், எழுத வேண்டாம். பிட்வீன் இரு முனைகளையும் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே நாளாக இருந்தால், அந்த நாளில் இரண்டு விகிதங்கள் வரும். பில்லில் அந்த உருப்படி இரண்டு முறை அச்சாகும். முடிவை 2021-07-31 என்று எழுதிவிட்டுப் புலம் நேரத்தோடு கூடியதாக இருந்தால், 31ஆம் தேதி பூச்சிய மணிக்குப் பிறகு நடந்த விற்பனை எல்லாம் வெளியே போய்விடும். சிலர் அதற்காக 23:59:59 என்று எழுதுகிறார்கள். அந்தக் கடைசி நொடிக்குள் விழும் விற்பனை அப்போதும் தப்பிவிடும். முடிவு தெரியாத பதிவுக்கு நல் வைத்தால் ஒவ்வொரு வினவலிலும் 'அல்லது முடிவு இஸ் நல்' என்று சேர்க்க வேண்டும், ஒரு நாள் யாராவது விட்டுவிடுவார்கள். போஸ்ட்கிரெஸில் இன்ஃபினிட்டி என்ற மதிப்பையே தேதிப் புலத்தில் இடலாம். மற்றவற்றில் 9999-12-31 என்று வைப்பது வழக்கம்.

முடிவுத் தேதியைச் சேமிப்பதென்று முடிவெடுத்தால், காலங்கள் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் பார்ப்பதைத் தரவுத்தளத்திடமே ஒப்படையுங்கள். போஸ்ட்கிரெஸில் டேட்ரேஞ்ச் (தேதிக் காலம்) வகையின் மீது, காலங்கள் மேலே விழுவதைத் தடுக்கும் எக்ஸ்குளூஷன் கட்டுப்பாடு வைக்கலாம். குறியீட்டையும் அதில் சேர்ப்பதற்கு பிட்ரீ-ஜிஸ்ட் நீட்சியை நிறுவ வேண்டும். 2025 செப்டம்பரில் வெளிவந்த 18ஆம் பதிப்பில் முதன்மைச் சாவியிலேயே வித்அவுட் ஓவர்லாப்ஸ் என்று எழுத முடிகிறது. மரியாடிபியில் இதே வசதி 10.5 பதிப்பிலிருந்து உள்ளது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில், பயன்பாட்டு நிரலில் சரிபார்ப்பது போதாது. ஒரே நேரத்தில் இருவர் சேமித்தால் இருவரின் சரிபார்ப்பும் தேறிவிடும்.

எந்த நாளைக் கொடுப்பது

வினவல் எவ்வளவு சரியாக இருந்தாலும், அதற்குள் அனுப்பும் நாள் தவறானால் விகிதமும் தவறு. பில் போட்ட நாளை அனுப்புவதே வழக்கம். பெரும்பாலான நாட்களில் அது சரியாகவும் இருக்கும். விகிதம் மாறும் வாரத்தில்தான் சிக்கல். மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14ஆம் பிரிவு, பொருள் வழங்கிய நாள், பில் போட்ட நாள், பணம் வந்த நாள் என்ற மூன்றையும் பார்க்கச் சொல்கிறது. அதன் ஆறு வகைகளையும் எழுதிப் பார்த்தால், மூன்றில் இரண்டு மாற்றத்துக்கு முன்னால் இருந்தால் பழைய விகிதம், இரண்டு பின்னால் இருந்தால் புதிய விகிதம் என்றே முடிகிறது. ஏசியைச் செப்டம்பர் 20 அன்று கொடுத்து அன்றே பில்லும் போட்டு, பணம் அக்டோபரில் வந்தால் 28 சதவீதம். பில்லை 19ஆம் தேதியே போட்டுவிட்டு, ஏசியை 25ஆம் தேதி கொடுத்து, பணம் 30ஆம் தேதி வந்தால் 18.

மூன்றில் இரண்டு எந்தப் பக்கமோ, மூன்று நாட்களின் நடு நாளும் அந்தப் பக்கம்தான் விழும். எனவே கேஸ் வாக்கியங்களை அடுக்காமல், நடு நாளைக் கணக்கிட்டு அதையே விகிதம் தேடும் நாளாக அனுப்பலாம்:

கிரேட்டஸ்ட்(லீஸ்ட்(வழங்கிய_நாள், பில்_நாள்), லீஸ்ட்(கிரேட்டஸ்ட்(வழங்கிய_நாள், பில்_நாள்), பணம்_நாள்))

பணம் இன்னும் வரவில்லை, அதாவது பணம்_நாள் நல் என்றால், போஸ்ட்கிரெஸில் இவ்விரு சார்புகளும் நல்லை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் ஒப்பிடும். ஆகவே வழங்கிய நாள், பில் நாள் இரண்டில் பிந்தியது கிடைக்கும், அதுவே வேண்டியதும். மைஎஸ்க்யூஎல்லிலும் ஆரக்கிளிலும் ஒரு நல் இருந்தாலே விடை முழுவதும் நல் ஆகிவிடும் என்பதால், அங்கே பணம்_நாளுக்குப் பதிலாகத் தொலைதூரத் தேதி ஒன்றை இட வேண்டும். இந்த நடு நாள் விகிதத்தைத் தேர்வு செய்வதற்கு மட்டுமே; எந்த மாத ரிட்டர்னில் காட்டுவது என்பதற்கான நாளாக அதைப் பயன்படுத்தக் கூடாது. முன்பணம், தொடர் சேவை போன்றவற்றுக்கு விதிகள் வேறு என்பதால், எந்த வகைப் பரிவர்த்தனைக்கு எந்த நாள் என்பதைக் கணக்காளரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, கணக்கிட்ட நாளை வரி_நாள் என்ற புலத்தில் பில் உருப்படியிலேயே சேமித்துவிடுங்கள்.

நேரமண்டலமும் இங்கேதான் குறுக்கிடுகிறது. சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடுகின்றன. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 2025 செப்டம்பர் 22 அன்று பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அன்று அதிகாலை 1 மணிக்கு, இரவு முழுக்கத் திறந்திருக்கும் மருந்துக் கடையில் ஒருவர் மாத்திரை வாங்கினால், சர்வரில் அது 21ஆம் தேதி 19:30 என்று பதிவாகும். அதை நேரடியாகத் தேதியாக மாற்றினால் 21 கிடைக்கும், 12 சதவீதம் வசூலாகும். காலை 5:30க்கு மேல் எல்லாம் சரியாகிவிடும். எனவே முதலில் ஆசியா/கொல்கத்தா நேரமண்டலத்துக்கு மாற்றி, பிறகே தேதியைப் பிரிக்க வேண்டும். இந்த மாற்றத்தை பில்லைச் சேமிக்கும்போதே ஒரு முறை செய்து வரி_நாளில் வைத்துவிட்டால், வேர் பகுதியில் புலத்தின் மீது சார்பைப் போர்த்தி இண்டெக்ஸைப் பயனற்றதாக்கும் நிலையும் வராது.

விலைப்படி மாறும் விகிதங்கள்

காலணியின் வரி, ஜோடியின் விலையைப் பொறுத்தது. 2017 ஜூலை 1 அன்று 500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. 2018 ஜூலை 27 முதல் 1000 ரூபாய் வரை 5. 2022 ஜனவரி 1 முதல் 1000 வரை 12. 2025 செப்டம்பர் 22 முதல் 2500 வரை 5. இங்கே விகிதம் மட்டுமன்றி எல்லைகளும் மாறுகின்றன. இதை அறியாமல் ஒவ்வோர் எல்லையையும் தனிப் பதிவாக வைத்து, விலைக்குப் பொருந்தும் மிகச் சிறிய எல்லையை எடுத்து, அதற்குள் கடைசி அமல் தேதியைத் தேடினால் என்ன ஆகும்? 2023இல் விற்ற 400 ரூபாய்ச் செருப்புக்குப் பொருந்தும் மிகச் சிறிய எல்லை 500. அதன் ஒரே பதிவு 2017ஐச் சேர்ந்தது. விடை 5 சதவீதம். சரியான விடை 12. ஐந்நூறு என்ற எல்லை 2018இலேயே ஒழிந்துவிட்டது, ஆனால் அட்டவணையில் அதைச் சொல்வார் இல்லை.

இதற்குத் தீர்வு, எல்லைகளை ஒரு தொகுதியாக நடத்துவது. விகிதத்_தொகுதி என்ற அட்டவணையில் தொகுதி எண், குறியீடு, அமல்_தேதி. தொகுதி_எல்லை என்ற அட்டவணையில் தொகுதி எண், மேல் எல்லை, விகிதம். வினவல் முதலில் நாளைக் கொண்டு ஒரே ஒரு தொகுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு அந்தத் தொகுதிக்குள் மட்டும் விலையைப் பொருத்த வேண்டும். மாற்றம் வரும்போது மாறாத எல்லைகளையும் சேர்த்துப் புதிய தொகுதியை முழுமையாக எழுதுங்கள்; 18 சதவீதம் மாறவில்லையே என்று அதை விட்டுவிட்டால் விலையுயர்ந்த காலணிக்கு விகிதமே கிடைக்காது. வருமான வரி அடுக்குகள், மின் கட்டண அலகு அடுக்குகள் எல்லாவற்றுக்கும் இதே அமைப்புதான்.

திருத்தம் வேறு, மாற்றம் வேறு

28ஆவது கவுன்சில் கூட்டம் நடந்தது 2018 ஜூலை 21. விகிதங்கள் நடைமுறைக்கு வந்தது ஜூலை 27. பத்திரிகைச் செய்தியைப் பார்த்துக் கூட்டத்தின் தேதியையே அமல் தேதியாக இடுவது எளிதில் நேரும் பிழை. அதைக் கண்டுபிடித்த பிறகு பதிவை அப்படியே திருத்திவிட்டால், இடைப்பட்ட நாட்களில் போட்ட பில்கள் ஏன் 18 சதவீதத்தில் இருக்கின்றன என்பதற்கு அட்டவணையில் எந்தத் தடயமும் இருக்காது. ஆகவே பதிவு_நேரம், ரத்து_நேரம் என்று இரண்டு புலங்களைச் சேர்த்து, தவறான பதிவை ரத்து செய்துவிட்டுச் சரியானதைப் புதிதாக இடுவது நல்லது. ரத்தானதும் சரியானதும் சில சமயம் ஒரே அமல் தேதியைக் கொண்டிருக்கலாம் என்பதால், தனித்தன்மைக் கட்டுப்பாட்டை ரத்தாகாத பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும் பகுதி இண்டெக்ஸாக மாற்றிக்கொள்ள வேண்டும். அன்றாட வினவல் ரத்து_நேரம் இஸ் நல் என்ற நிபந்தனையைச் சேர்த்துக்கொள்ளும். 'ஜூலை 24 மாலையில் இந்த அமைப்பு எதை நம்பியது' என்று கேட்கும் தணிக்கை வினவல், அந்த நேரத்துக்கு முன் பதிவாகி, அந்த நேரத்தில் இன்னும் ரத்தாகாதவற்றை எடுக்கும்.

இத்தனைக்குப் பிறகும், வசூலித்த விகிதத்தையும் தொகையையும் பில் உருப்படியில் எழுதியே வைக்க வேண்டும். மறு அச்சும் கிரெடிட் நோட்டும் அங்கிருந்து எடுக்க வேண்டும், விகித அட்டவணையை மறுபடி கேட்கக் கூடாது. வாடிக்கையாளர் கையில் உள்ள தாளில் என்ன எண் இருக்கிறதோ அதுவே பில். அட்டவணையில் பின்னால் நடக்கும் திருத்தம் அதை மாற்ற முடியாது. பில்லில் உள்ளதும் அட்டவணை இன்று தருவதும் வேறுபடும் உருப்படிகளைத் தேடித் தரும் வினவலைத் தனியாக எழுதி மாதம் ஒரு முறை ஓட்டினால், திருத்த வேண்டிய பில்களின் பட்டியல் தானே கிடைத்துவிடும்.

சோதித்தல்

ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று நாட்களைக் கேளுங்கள்: முந்தைய நாள், அந்த நாள், மறுநாள். ஏசிக்கு 2025 செப்டம்பர் 21, 22, 23 என்று கேட்டால் 28, 18, 18 வர வேண்டும். முதல் பதிவுக்கும் முந்தைய நாளான 2017 ஜூன் 30 என்று கேட்டு, விகிதம் கிடைக்காமல் பிழை வருகிறதா என்றும் பாருங்கள். அங்கே எண் எதுவும் வந்தால் எங்கோ ஒரு கோலெஸ் ஒளிந்திருக்கிறது. விலை அடுக்கு உள்ள பொருளுக்கு எல்லையிலேயே, அதாவது 2500 ரூபாய்க்கும் 2501 ரூபாய்க்கும் கேளுங்கள்.

தரவையும் சோதிக்க வேண்டும். லேக் சார்பால் முந்தைய பதிவின் விகிதத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து, இரண்டும் சமமாக உள்ள பதிவுகளைப் பட்டியலிடுங்கள். மாறாத விகிதத்தைப் புதிய தேதியோடு மறுபடி இட்டிருப்பது கணக்கைக் கெடுக்காது. ஆனால் அது பெரும்பாலும் வேறொரு குறியீட்டுக்கு இட வேண்டிய பதிவு தவறிப்போய் இங்கே விழுந்ததன் அடையாளம். முடிவுத் தேதியும் வைத்திருப்பவர்கள், ஒன்றின் முடிவும் லீட் தரும் அடுத்த தொடக்கமும் சமமில்லாத இடங்களைத் தேடினால் இடைவெளிகள் தெரிந்துவிடும். கடைசியாக, விற்பனையில் இருக்கும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் இன்றைய தேதியிலும், முன்கூட்டியே இட்ட பதிவுகளில் ஆகப் பிந்திய தேதியிலும் விகிதம் கேட்டு, நல் வருபவற்றைப் பட்டியலிடும் வினவலைத் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் தானாக ஓடும்படி அமைத்துவிடுங்கள்.